ஹவுஸ் ஓனர் அவர்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

பெருமதிப்பிற்குரிய ஹவுஸ் ஓனர் அவர்களே,

வருகிற டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாளன்று, சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு நம் தெருப் பேரணியைக் கொடியசைத்துத் தொடங்கி வைக்கப் போகிறீர்களாம். மகிழ்ச்சி. அதே மேடையில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி 'கிருமி வளர்த்த வள்ளல்' என்ற பட்டத்தையும் சூட்ட விழாக்குழு முடிவு செய்திருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறீர்கள். யாரைச் சொல்வது, யாரை விடுவது?

பட்டம் சும்மா வரவில்லை. மாடிப் போர்ஷனில் ஒரு பெண் குடியிருந்தார். ஒருநாள் அவர் அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவின் லேபிள் உங்கள் கண்ணில் பட்டது. மறுநாளே, "பையனுக்குக் கல்யாணம் வருதும்மா, போர்ஷன் வேணும்" என்றீர்கள். பையன் எட்டாம் வகுப்பு. அவர் காலி செய்த அன்று கழிப்பறைக்கு இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டீர்கள்.

இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இதே சென்னையில், 1986இல். கழிப்பறையால் பரவாது, குழாயால் பரவாது, தட்டு டம்ளரால் பரவாது என்று அன்றிலிருந்து சுவரில் எழுதுகிறார்கள், பள்ளியில் சொல்கிறார்கள், வீதி நாடகம் போடுகிறார்கள். உங்கள் காம்பவுண்டு சுவரிலும் எழுதியிருந்தார்கள். அதன் மேல்தான் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்று பெயின்ட் அடித்தீர்கள்.

அந்தப் பெண் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை போட்டவர். விடாமல் போட்டால் ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே சிக்காத அளவுக்கு அடங்கிவிடும். அடங்கிய நிலை நீடிக்கும்வரை உடலுறவாலும் அடுத்தவருக்குத் தொற்றாது. இது வதந்தி இல்லை, நிரூபணமான மருத்துவம். தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இந்தத் தெருவிலேயே துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நீங்கள் கடைசியாக எப்போது பரிசோதித்துக்கொண்டீர்கள், ஐயா?

அவரைத் தெருவில் விட்டீர்கள். முதல் இரவு பஸ் ஸ்டாண்டில். பிறகு சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள், டப்பாவை எடுத்தால் உள்ளே மாத்திரை குலுங்கும், "என்ன மாத்திரை?" என்று கேட்பார்கள், ஆகவே எடுக்கவில்லை. பிறகு, "என்கூடத் தங்கிக்கோ" என்று ஒருவன் சொன்னான். அவன் வாடகையை ரூபாயில் வாங்குகிறவன் இல்லை. தாழ்ப்பாள் போட ஒரு கதவு இல்லாதவள் அவனிடம் ஆணுறை போடு என்று எந்தத் தைரியத்தில் சொல்வாள்? மாத்திரை தவறத் தவறக் கிருமி தலைதூக்கும். மருந்துக்கு அடங்காமலிருக்கப் பழகும். காசநோய் பின்னாலேயே வரும். மலேரியாவைப் பரப்புவது கொசு. ஹெச்.ஐ.வி.யைப் பரப்பியது யார் என்று நீங்களே சொல்லுங்கள். கொசுவாவது பத்து மாத அட்வான்ஸ் கேட்பதில்லை.

உங்களை மட்டும் பாராட்டினால் அரசு கோபித்துக்கொள்ளும். 2004 ஏப்ரல் 1 முதல் மாத்திரை இலவசம். தாம்பரம் சானடோரியம் அந்த வரிசையில் முன்னால் நின்றது. அதைக் கேலி செய்கிறவன் நன்றிகெட்டவன். ஆனால் மாத்திரையைக் கொடுத்த கை, அதை வைக்க ஓர் அலமாரியைக் கொடுக்கவில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, வேலையும் ஆஸ்பத்திரியும் இருந்த ஊரிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பியது. 2021இல் குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் வைத்தார்கள். பெயருக்காவது வாழ்விடம் கிடைத்தது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. இருக்கும் காப்பகத்திலும் பொதுக்கூடம்தான். அத்தனை கண்களுக்கு நடுவே டப்பாவை எங்கே ஒளிப்பது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, அழகான சட்டம். 2017இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதும் காலி செய்யச் சொல்வதும் பாகுபாடு என்கிறது. புகார் கேட்க ஒரு குறைதீர் அதிகாரியையும் வைக்கச் சொல்கிறது. அவர் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியுமா? எங்கள் தெருவில் நூறு பேரைக் கேட்டோம். அப்படி ஒருவர் உண்டு என்பதே செய்தியாக இருந்தது. நீங்களோ கெட்டிக்காரர். நோயின் பெயரை வாயால் சொல்லவே இல்லை, பையன் கல்யாணத்தைத்தான் சொன்னீர்கள். எட்டாம் வகுப்பு மாப்பிள்ளையை எந்தச் சட்டம் கேள்வி கேட்கும்?

அந்தப் பெண் இப்போதும் வீடு தேடுகிறார். ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி: "பழைய வீட்டை ஏம்மா காலி பண்ணீங்க?" அவர் பொய் சொல்கிறார். பழைய ஹவுஸ் ஓனர் பையனுக்குக் கல்யாணம் என்கிறார்.

பேரணிக்கு 'பாகுபாடு ஒழிப்போம்' என்று பேனர் அச்சாகி வந்துவிட்டது. எங்கே மாட்டுவது என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். மாடி பால்கனியில் டு-லெட் போர்டு தொங்குகிற ஆணி இருக்கிறதே, அதுவே போதும்.

இப்படிக்கு,
விழாக்குழுவினர்