பதக்கம் தந்தவர், பூட்டியவர்

கேள்வி: அல்ஜீரிய விடுதலை வீரர் பென் பெல்லாவை அதிக காலம் சிறைவைத்தது பிரான்ஸ்தானே?

பதில்: இல்லை, சொந்தத் தோழர்தான்! இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இத்தாலியில் காட்டிய வீரத்துக்காக 1944இல் அவருக்குப் பதக்கம் அணிவித்தவர் பிரெஞ்சுத் தலைவர் தெ கோல். அதே பிரான்ஸ் 1956 அக்டோபரில் அவர் சென்ற மொராக்கோ விமானத்தை நடுவானில் திருப்பி, அல்ஜியர்சில் இறக்கிக் கைதுசெய்தது. ஐந்தரை ஆண்டு சிறை. பிறகு நாட்டின் முதல் அதிபர்.

1965 ஜூனில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் பூமெதியன் ஆட்சியைப் பறித்து அவரைப் பூட்டிவைத்தாரே, அது ஏறத்தாழ 14 ஆண்டு! விசாரணையே இல்லை. கல்யாணம்கூடக் காவலில்தான், 1971இல். பூமெதியன் இறந்த பிறகே பூட்டு திறந்தது. பகைவனின் சிறையைவிட இதைத்தான் என் நெஞ்சு பொறுக்கவில்லை.