ஸ்பீக்கர்ப் பாதவியல்: ஒரு மறுவாசிப்பு

ஸ்பீக்கர் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மெத்தென்று எதையாவது வைத்தால் பாட்டு தெளியும் என்பார் ஒரு சாரார். பெட்டியைத் தரையோடு இறுக்கினால்தான் தெளியும் என்பார் மறு சாரார். இருவரும் முதன்மைச் சான்றாகக் காட்டுவது தத்தம் காதுகளையே. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுச் சொல்லும் சோதனையை இரு சாராரும் ஒருமனதாக நிராகரித்துவிட்டனர். ஆகவே இச்சிக்கல் முனைவர் பட்டத்துக்கு எல்லா வகையிலும் தகுதியுடையது.

ஆய்வு எல்லை: சென்னை அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடிக் கூடம். கருதுகோள்: உண்டு.

இயற்பியல் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்துறையில் அதற்கு மேல் அதை யாரும் நாடுவதில்லை. வூஃபரின் கூம்பு முன்னே பாயும்போது பெட்டி பின்னே உதைபடும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. கூம்பும் அதனோடு அசையும் சுருளும் சேர்ந்து 20 கிராம், பெட்டி 20 கிலோ என்று கொண்டால், கூம்பு 5 மில்லிமீட்டர் நகரும்போது பெட்டி நகர்வது 5 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. பின்வரும் இலக்கியம் அனைத்தும் இந்த 5 மைக்ரானின் மீதுதான் எழுந்து நிற்கிறது.

முதல் பிரிவினர் கூர்முனையர். பெட்டிக்கு அடியில் ஆணி போன்ற ஸ்பைக்குகளைத் திருகுவது இவர்கள் வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மரச்சட்டங்களின் மேல் பலகை பாவி, அதன் மேல் கம்பளம் விரித்த வீடுகள் ஏராளம். அங்கே கம்பளத்தைத் துளைத்துப் பலகையில் ஊன்றி நிற்க, பெட்டி தள்ளாடாமல் இருக்க, ஸ்பைக் உதவுகிறது. அதிர்வை அது தடுப்பதில்லை. தரையோடு இணைக்கவே செய்கிறது. சென்னைக் கூடத்திலோ கம்பளம் இல்லை, மொசைக் இருக்கிறது. மொசைக்கில் கூர்முனை பட்டால் கீறல் விழும். கீறல் விழாதிருக்க ஸ்பைக்குக்கு அடியில் காசு வைக்க வேண்டும். எந்தக் காசு?

இங்கேதான் துறை விரிவடைகிறது. நெளி விளிம்புள்ள அலுமினியப் பத்து பைசா மென்மையானது. கூர்முனை பதிந்து பள்ளமாகும் (பழைய டப்பா, அடித்தட்டு, பக்க எண் இல்லை). 1992-இல் வெளிவந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் கடினமானது. ஆனால் ‘மேல்ஸ்தாயியைக் கூசச் செய்கிறது’ என்பது ஒரு குற்றச்சாட்டு (மின்சாரம் நின்றிருந்தபோது எடுத்த குறிப்பு, கையெழுத்துப் படி). தாமரை பொறித்த மஞ்சள் இருபது பைசா 1968 முதல் 1971 வரை அச்சானது. நூற்றெட்டு சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அதனால் பாஸில் செழுமை கூடும் என்ற கொள்கை நிலவினாலும் சோதிக்க இயலவில்லை (பூஜையறை வாய்மொழி மரபு, மாமியார் பாடம்: “நூத்தி நாலுதான் இருக்கு, யார் எடுத்தது?”, மருமகள் பாடத்தில் இவ்வரி இல்லை, பேரன் பாடம் முழுவதும் சிதைந்துவிட்டது). நாலணா 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசாகிவிட்டது. செல்லாத காசின் மேல் நிற்கும் சங்கீதம் செல்லுமா என்பது தனி விவாதம்.

அடுத்து, காசை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது? அசோகர் தூணின் சிங்கங்கள் நான்கு. காசில் தெரிவது மூன்று. கண்ணுக்குப் புலப்படாத நான்காம் சிங்கமே அதிர்வை விழுங்குகிறது என்றொரு கட்டுரை வந்தது. அதை எழுதியவரே அதை மறுத்து இன்னொன்று எழுதினார். பிறகு மறுப்பை மறுத்து மூன்றாவது எழுதினார். மூன்றுக்கும் மதிப்பெண் சேர்ந்து அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது (துறைத் தேநீர் மரபு, பெரும்பிரிவு; கோப்பை கழுவப்பட்டதால் மூலச்சுவடி அழிந்தது; சர்க்கரையில்லாப் படியோடு ஒப்பிட்டுச் செம்மை செய்யப்பட்டது).

கடப்பைக் கல்: கனமானது; நகர்த்த இருவர் வேண்டும்.

மண்பானையில் ஸ்பீக்கரைக் கவிழ்க்கும் நாட்டார் மரபு: தனி நூலுக்குரியது.

இரண்டாம் பிரிவினரான மென்பாதர் ரப்பர், நுரை, பாதியாக வெட்டிய ஸ்குவாஷ் பந்து, தேய்ந்த ஹவாய் செருப்பின் துண்டு ஆகியவற்றை நம்புகிறார்கள். கெடுவாய்ப்பாக இவர்கள் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியின் எடையில் பாதம் எவ்வளவு அமுங்குகிறதோ, அதைக் கொண்டு அதன் இயல்பான ஆட்ட வேகத்தைச் சொல்லிவிடலாம். 2.5 மில்லிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 10 ஆட்டம். அப்பாதம் 40 ஹெர்ட்ஸ் பாஸைப் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைத்தே தரைக்கு அனுப்பும். விறைப்பான ரப்பர் 0.1 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால், ஆட்டம் விநாடிக்கு 50. பாஸ் கிடாரின் தடித்த கம்பி உலவும் இடம் அது. அங்கே அந்த ரப்பர் அதிர்வைக் குறைக்காது, கூட்டும். 70 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் குறைக்கவே தொடங்கும். ஒரு ஸ்கேலால் அளந்து ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டக்கூடிய இச்செய்தி துறையின் எதிர்காலத்துக்கு ஊறு விளைவிப்பதால் அடிக்குறிப்பாகவே இருக்கத் தக்கது.

அதிர்வு உண்மையிலேயே தொல்லை தருவது ரெக்கார்ட் பிளேயருக்குத்தான். அதன் முள் இசைத்தட்டின் நுண்பள்ளங்களைப் படிப்பது. தரை நடுங்கினால் அதையும் பாட்டென்று படித்துவிடும். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1961-இல் வெளியிட்ட ஏஆர் டர்ன்டேபிளில் தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அதை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். எழுதித் தீர்க்காமல் செய்து காட்டிவிட்டதால் பாதவியலார் அவரை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

மரத்தரை முரசுத்தோல் போல் அதிரும். ஐந்தங்குலக் கான்கிரீட் தளம் அவ்வளவு எளிதில் அசையாது. அப்படியானால் கீழ்வீட்டாருக்குக் கேட்பது என்ன? பெரும்பாலும் காற்று வழியே வரும் பாஸ்தான். கூடத்துக் காற்று தளத்தை அழுத்தி ஆட்டுகிறது. பெட்டிக்கு அடியில் எது இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கீழ்வீட்டார் இதைக் கோட்பாடாகவே முன்வைத்துள்ளார் (மாடிப்படி உரை, முதற்பதிப்பு இரவு 10.15, திருத்திய பதிப்பு 10.40, உரத்த குரலில், மூன்றாம் பதிப்பு சங்கச் செயலாளர் அணிந்துரையுடன்). குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் அவர் பின்னிணைப்பாகத் தந்திருக்கிறார்.

ஒலியை 10 டெசிபல் குறைத்தால் ஆம்ப்ளிஃபையர் செலவிடும் ஆற்றல் பத்தில் ஒன்றாகும்; தரைக்குப் போவதும் அவ்வாறே. இதற்குத் தேவை ஒலியளவுக் குமிழை இடப்பக்கம் கொஞ்சம் திருப்புவது. ஆயினும் குமிழ் குறித்து முன்னாய்வுகள் ஏதும் இல்லாமையாலும், அது பெட்டிக்கு அடியில் இல்லாமையாலும், இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.