சைலன்சர் மாப்பிள்ளை

"மாமா, கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. இது கம்பெனி சைலன்சர்: புஸ்ஸு... புஸ்ஸு... புஸ்ஸு. இது ஷார்ட் பாட்டில்: டப்பு, டப்பு, டப்பு. இப்ப வர்றது இந்தோரி: பட்டார் பட்டார் பட்டார்! எது மாமா நல்லாருக்கு?"

கண்ணைத் திறந்தால் என் டீ கிளாஸுக்குள் இந்தோரி தெறித்திருக்கும்.

பெயரெல்லாம் எதற்கு, சைலன்சர் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். விருதுநகர் மதுரை ரோட்டிலோ, சிவகாசியிலோ, திருத்தங்கலிலோ எந்த டீக்கடை பெஞ்சிலும் இவரைப் பார்க்கலாம். அமெரிக்காவில் இவருடைய பங்காளிகள் மஸ்டாங், கமாரோ என்று எட்டு சிலிண்டர் மஸில் கார்களை நிறுத்திவைத்துக்கொண்டு, எந்தச் சைலன்சர் மாட்டினால் போலீஸ் பிடிக்காது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் எழுந்திருப்பான் என்று ஆராய்கிறார்களாம். நம்மாளுக்கு இருப்பது ஒரே சிலிண்டர், 350 சிசி புல்லட். அதிலும் பின் சீட்டில் பாதி நாள் காலண்டர் கட்டுகள். சிவகாசி அச்சகங்களில் வாங்கி மதுரை, சாத்தூர் கடைகளுக்குப் போடுகிற ஏஜென்சி அவருக்கு. ஆராய்ச்சியில் மட்டும் அமெரிக்காக்காரன் பிச்சை வாங்க வேண்டும்.

எல்லா ஆராய்ச்சியும் வாயாலேயே நடக்கும். கடையில் போய் மாட்டிப் பார்த்து வாங்கினால் பத்து நிமிஷத்தில் முடிகிற காரியம். மாப்பிள்ளைக்கு முதலில் உற்றார் உறவினர் ஒப்புதல் வேண்டும். பஞ்சாபி, டால்பின், மெகாபோன், கோல்டு ஸ்டார் என்று ஒவ்வொன்றையும் வாயால் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் நிறுத்தி, செகண்ட் கியர், தேர்டு கியர் போட்டு, கடைசியில் ஒரு பிரேக்கும் அடித்துத்தான் நிறுத்துவார். பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சினைச் செய்துகாட்டும்போது மட்டும் பக்தி வந்துவிடும். "திருவொற்றியூர் வண்டி மாமா. டுக்கு..." என்று சொல்லி நிறுத்துவார். நாம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "...டுக்கு." அந்த இடைவெளிதான் அழகாம். அதில்தான் கடைக்காரர் வந்து காசு கேட்பார். அதையும் நான்தான் கொடுப்பேன்.

இடம் பொருள் ஏவல் கிடையாது. கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே ஷார்ட் பாட்டில் ஓடும். துக்க வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருக்கையில், சம்பந்தி வீட்டுப் பெரியவர் காதில் குனிந்து மெதுவாக "டுப்பு, டுப்பு" என்றார். பெரியவர் என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. மதுரை மெக்கானிக்கிடம் போனில் இவர் "டப் டப்" என்பார். அவர் அங்கிருந்து "இல்லண்ணே, டம் டம்" என்று திருத்துவார். இப்படி அரை மணி நேரம். வீட்டில் குழந்தை "அம்மா" சொல்வதற்கு முன்னால் "டுப்பு" சொல்லிவிட்டது. குழந்தையின் அம்மாவுக்கு, அதாவது என் தங்கை மருமகளுக்கு, அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இரண்டாவது வியாதி, "லீகல்". புதுச் சைலன்சர் எது வந்தாலும் முதல் வாக்கியம் "இது லீகல் மாமா" என்பதுதான். என்ன ஆதாரம் என்று கேட்டால் பைப்பின் அடியில் வட்டத்துக்குள் ஓர் 'இ' எழுத்து பொறித்திருப்பதைக் காட்டுவார். அது ஐரோப்பியச் சான்று. பல பைப்புகளில் அந்த வட்டத்தையும் இங்கேயே அடித்திருப்பார்கள்; நிஜமாகவே இருந்தாலும் ஐரோப்பாவில் ஓட்டத்தான் உதவும். நம்முடைய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 80 டெசிபல். அதுவும் வண்டி ஓடுகிறபோது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சத்த விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் போகும். இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சத்தத்துக்கு மாமா. இது பேஸ்" என்றார்.

புது வண்டி வாங்கித் தொலையேன் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறார். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதாம். சைலன்சரில் கை வைத்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். "வாங்குன வண்டியே நம்மளப் போட்டுக் குடுத்தா எப்படி மாமா?"

போன மழைக்காலத்தில் செல்போனில் டெசிபல் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கினார். வண்டியை வாசலில் உறுமவிட்டு, போனை என்னிடம் கொடுத்து, "அப்படியே பின்னால போங்க மாமா" என்றார். 96. இன்னும் பின்னால். 88. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் என் முதுகு இடித்தபோது 79 காட்டியது. "பாத்தீங்களா, லீகல்!" என்று அங்கிருந்து கையை உயர்த்தினார்.

வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய அப்பா, என் மச்சான். பட்டாசு ஆலையில் போர்மேன். சத்தத்துக்குச் சட்டம் என்றால் என்னவென்று அவரிடம்தான் கேட்க வேண்டும். பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 1999-லேயே விதி வந்துவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலையில் ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று ஆனது. பட்டாசில் சேர்க்கிற பேரியமும் தடையில் போயிற்று. "நாங்க வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம் வெடிக்கிறதுக்குக் கோர்ட்டு வாசல்ல நிக்கிறோம். இவனுக்கு எந்தக் கோர்ட்டு தினம் தீபாவளி குடுத்துச்சுன்னு கேளுங்க" என்றார் என்னிடம். மகனோடு அவர் நேரடியாகப் பேசுவதில்லை. பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது.

டி.பி. கில்லரையும் சொல்லிவிடுகிறேன். பைப்பின் வாயில் செருகி ஒரு போல்ட்டு போட்டால் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்குகிற குட்டிக் குழாய் அது. மாப்பிள்ளை அதைப் பைப்பில் வைப்பதில்லை, சட்டைப்பையில் வைத்திருப்பார். செக்போஸ்ட் தூரத்தில் தெரிந்ததும் புளியமரத்தடியில் ஓரங்கட்டி, குந்தி உட்கார்ந்து, எல் கீயால் அதை மாட்டுவார். சைலன்சர் கொதிக்கும். விரல் நுனி நான்கும் வெந்து, வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே செக்போஸ்ட்டைக் கடப்பார். போலீஸ்காரர் அதைப் பார்த்து, ஏதோ பாவப்பட்ட பிள்ளை என்று விட்டுவிடுவார்.

இதுவரை சிரித்தாயிற்று. வெடி விட்டுக்கொண்டிருந்தாரே, அதற்கு எனக்குச் சிரிப்பு வராது.

வண்டி ஓடும்போதே சுவிட்சை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகினால், எரியாத பெட்ரோல் ஆவி சூடான சைலன்சருக்குள் போய்த் தேங்கும். மறுபடி சுவிட்சைப் போட்டதும் அங்கேயே வெடிக்கும். வேறு ஊரில் அது விளையாட்டாக இருக்கலாம். பட்டாசு ஆலைகள் இருக்கிற வெம்பக்கோட்டை, தாயில்பட்டி ரோட்டில் காலை பதினொரு மணிக்கு அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? டீக்கடையில் பேச்சு நிற்கும். பெண்கள் வெளியே வந்து எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போன் அடிப்பார்கள். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் எந்தப் போனும் எடுக்காது. 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சன்குளம் என்று பட்டாசு ஆலை வெடிவிபத்துகள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நின்ற என் தங்கை, அந்தச் சத்தத்தைக் கேட்டு அரிசிப் பையைப் போட்டுவிட்டு, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடிவந்தாள். எதிரே புல்லட்டில் சிரித்துக்கொண்டு வந்தது அவள் பெற்ற மகன்.

அவள் அடிக்கவில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

அதற்கப்புறம் வெடி விடுவது நின்றது. அது வரைக்கும் நல்லது. சைலன்சர் தேடுவது நிற்கவில்லை. போலீஸ் பிடிக்கக்கூடாது, அம்மா பயப்படக்கூடாது, பிள்ளை தூங்க வேண்டும், அப்பா பேச வேண்டும். அப்படி ஒரு சைலன்சர் இருக்கிறதா என்று இப்போது விசாரிக்கிறார். இருக்கிறது. உன் வீட்டுப் பரணில், சாக்கில் சுற்றி, வண்டியோடு வந்த கம்பெனி பைப் கிடக்கிறதே, அதை இறக்கி மாட்டு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அதுல பேஸ் இல்ல மாமா."

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாராளமாக வரட்டும். எண்ணெய் பரோட்டா என் செலவு, எத்தனை வேண்டுமானாலும். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வண்டியை அணைத்துவிட்டு, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வாயையும் அங்கேயே அணைத்துவிட வேண்டும்.