ஸ்விட்ச் போடும் முன்

1990களில் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் பாரத் டைனமிக்ஸ் தயாரித்த மிலான் ஏவுகணை, பின்னால் இழுபடும் மெல்லிய கம்பி வழியாகக் கட்டளை பெறும். வேறு எந்த ரேடியோ அலையும் அந்தக் கட்டளையில் குறுக்கிட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே நாங்கள் பறக்கவிட்ட பால்சா மர விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எங்கள் ரேடியோ செட்டுகள் பெரும்பாலும் 72 மெகாஹெர்ட்ஸ். சானலுக்குச் சானல் 20 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. உள்ளே எந்தக் கிரிஸ்டலோ, அதுதான் சானல். அதே சானலில் இன்னொரு டிரான்ஸ்மிட்டர் உயிர்பெற்றால், எது யாருடைய கட்டளை என்று ரிசீவருக்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் போட்டி மைதானத்தில் நுழைந்ததும் டிரான்ஸ்மிட்டரை மேசையில் ஒப்படைத்துவிட வேண்டும். பலகையில் சானல் எண் எழுதிய துணிக்கிளிப்புகள் இருக்கும். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ, அவர் மட்டுமே ஸ்விட்ச் போடலாம். கோபக்காரப் பெரியவர்களும் அந்தக் கிளிப்புக்காக வாய் திறக்காமல் காத்திருப்பார்கள்.

ஒருமுறை யாரோ ஒருவர் செர்வோ அசைகிறதா என்று பார்க்க மேசைக்குத் தெரியாமல் ஸ்விட்சைத் தட்டினார். வட்டமிட்டுக்கொண்டிருந்த விமானம் மூக்குக் குத்தி, வேடிக்கை பார்த்த குழந்தைகளுக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது. மரம் போனது போகட்டும். அந்தத் தூரத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

இந்தியாவில் 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. அதே காலத்தில், தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்தை மட்டும் ஏற்கும் ரிசீவர்களும் வந்தன. பலகை மறைந்தது. உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

இப்போது டிரோன் பந்தயங்களுக்குப் போகிறேன். 2021 டிரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களைப் பிள்ளைகள் போனில் கவனமாகப் பார்க்கிறார்கள். ஆனால் டிரோன் ஓட்டுபவர் அணியும் கண்ணாடிக்குப் படம் அனுப்பும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் வீடியோவில் ரேஸ்பேண்ட் சானல்கள் எட்டே எட்டு. ஓரத்தில் ஒருவர் தன் டிரோனில் பேட்டரியைச் செருகினாலே போதும், அதன் வீடியோவும் உயிர்பெற்று, அதே சானலில் மணிக்கு 100 கிலோமீட்டரில் பறப்பவருக்குப் படம் பொரிந்துவிடும். கட்டுப்பாடு கையில் இருக்கும், கண் இருக்காது.

ஏற்பாட்டாளரான இளைஞரிடம் பலகை வைக்கச் சொன்னேன்.

“சானல் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டோமே சார்.”

“போட்டது சரிப்பா. பேட்டரி செருகுற கையை யாரு தடுக்குறது?”

கொஞ்சம் யோசித்தார். அடுத்த பந்தயத்துக்கு எட்டுக் கிளிப்பும் ஒரு மேசையும் ஏற்பாடாகியிருக்கின்றன. மேசையில் உட்கார என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.