வண்டி பார்க்கும் அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்பது அவருடைய சம்சாரத்துக்குத் தெரிவதற்கு முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். அண்ணாச்சிக்கு யாராவது இரண்டாவது டீயும் கூடவே ஒரு பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தால், அந்த ஆள் இரண்டு லட்சத்துக்குள் ஒரு செகண்ட்ஸ் வண்டி தேடுகிறார் என்று அர்த்தம். மூன்றாவது டீ வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள்.

அண்ணாச்சி மெக்கானிக் இல்லை. புரோக்கர் என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். எந்தக் காலத்திலோ குற்றாலம் சீசனுக்கு அம்பாசடர் ஓட்டியதாகச் சொல்வார். இப்போது கைவசம் இருப்பது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டும். ஊர் அவருக்குக் கொடுத்திருக்கும் பட்டம் 'வண்டி பாக்கத் தெரிஞ்ச ஆளு'. அது வந்த கதை சின்னது. அவர் வேண்டாமென்று சொன்ன வண்டியைப் பிடிவாதமாக எடுத்த ஒருவர், மறு மாதமே புளியங்குடிக்கு முன்னால் இன்ஜின் சீஸாகி நடுரோட்டில் நின்றார். அன்றிலிருந்து அண்ணாச்சி வாக்கு பலிக்கும் என்று ஆகிவிட்டது. அவர் வேண்டாமென்று சொல்லியும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இவருடைய வம்சாவளி தெற்கத்தி மாட்டுத்தாவணிகளில் தொடங்குகிறது. பல்லைப் பிடித்து வயசு சொல்லி, சுழி பார்த்து ராசி சொல்லி, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர்களின் வாரிசு. பல் இருந்த இடத்தில் டயர் வந்திருக்கிறது. சுழி இருந்த இடத்தில் நம்பர் பிளேட்.

நம்பர் பிளேட்டை வைத்தே அவர் ஜாதகம் கணித்துவிடுவார். "69-ஆ? தூத்துக்குடி. உப்புக்காத்து. மேல பளபளன்னு இருக்கும், அடியில கைய வச்சா துரு கொட்டும்." "43-ன்னா ஊட்டி. மலையேறி மலையேறி கிளட்ச் தேஞ்சிருக்கும்." "மெட்ராஸ் வண்டியா? 2015 வெள்ளத்துல எத்தனை வண்டி முங்குச்சின்னு தெரியுமா? பூராத்தையும் கழுவித் தொடச்சி தெக்க அனுப்பிட்டான்." 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணிக் கரையே முங்கியபோது, திருநெல்வேலியின் 72-ம் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. கேரளா வண்டியென்றால் என்.ஓ.சி. வாங்க அலைய வேண்டும், இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும். சரி, நம்ம ஊர் 79-ஐயே எடுக்கலாமா? "அத ஓட்டுனவன எனக்குத் தெரியும் சார். அவன் ஓட்டுத லெட்சணத்தையும் பாத்திருக்கேன்." தமிழ்நாட்டில் அவருக்குப் பிடித்த நம்பர் இனிமேல்தான் வர வேண்டும்.

இந்த முறை டீ வாங்கிக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். வயதான அம்மாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மச்சினன் கல்யாணத்துக்கு ராஜபாளையம் போக வேண்டும். அதற்கு ஒரு வண்டி போதும் என்று நினைத்தார். ஞாயிறு காலை இருவரும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் போய் நின்றார்கள். 2012 மாடல் வேகன் ஆர். வெள்ளி நிறம். திருநெல்வேலி நம்பர்.

"சிங்கிள் ஓனர் சார். லேடி டாக்டர் ஓட்டுன வண்டி. வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு" என்றார் கன்சல்டிங்காரர்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நான் இதுவரைக்கும் பாத்த லேடி டாக்டர் வண்டியெல்லாம் வரிசையா நிப்பாட்டுனா ராஜபாளையம் தாண்டிப் போகும் தம்பி" என்று சொல்லிவிட்டு, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. சூடு. "காலையிலேயே ஓட்டி வச்சிட்டியளோ?" இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் அதன் உண்மையான குரல் வெளியே வரும், சூடேற்றி வைத்த இன்ஜின் எல்லாமே நல்ல பிள்ளை. ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் மற்ற உறுப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இந்த இடத்தில் அவர் கெட்டிக்காரர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தார்: 3619. அதாவது 2019-ஆம் வருஷத்தின் 36-வது வாரத்தில் செய்த டயர். நாலு டயரில் மூன்றுக்கு ஒரு வயசு, ஒன்றுக்கு வேறு வயசு. மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளட்ச் மிதியின் ரப்பரைப் பார்த்தார். வரிவரியாக இருக்க வேண்டிய ரப்பர் நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளட்ச மிதிச்சே நடந்து போயிருக்காவ" என்றார்.

அடுத்து சீட் பெல்ட். அதை முழுசாக இழுத்தார். கடைசிச் சாண் வரை வெளியே வந்தது. வெள்ளத்தில் கிடந்த வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக் கறை தங்கிவிடும் என்பது அவர் சித்தாந்தம். கறை இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது அவருக்கு. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் முகர்ந்து பார்த்தார். கதவின் ரப்பரை உரித்து, பில்லரில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று தடவினார். "நம்ம ஊருச் சாமி பாதி சிவன், பாதி பெருமாள். அது சாமி, இருக்கலாம். வண்டியில முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணுன்னு ஒட்டி வச்சிருந்தா எடுக்கலாமா சார்?" அப்படி எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து உடம்பெல்லாம் ஒட்டிப் பார்த்தார். இடது பக்கக் கதவில் மட்டும் காந்தம் வழுக்கியது. "பட்டி போட்டிருக்கான்." கன்சல்டிங்காரர், "பைக் ஒரசுனது அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி ஆசிரியரைத் தனியாகக் கூட்டிப் போய், "ஒரசுனதுங்கான்" என்றார், கொலைக்கு சாட்சி சொல்கிற குரலில்.

இன்ஜின் ஆறியது. ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். தள்ளவில்லை. ஏ.சி.யையும் ரேடியோவையும் அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. திரும்பி வந்ததும் ஆசிரியர் ஆவலோடு முகத்தைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "அதான் எனக்கு யோசனையா இருக்கு. நல்ல வண்டின்னா அவன் எதுக்கு சார் விக்கான்?"

இந்த ஒரு கேள்வியைக் கொஞ்சம் நீட்டி எழுதியவருக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வண்டிக்குமே விலையைக் குறைத்துக் கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் கொடுக்க மாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். இதுதான் சாரம். ஆய்விதழ்கள் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பி அனுப்பிய பிறகே கட்டுரை அச்சேறியது. 2001-இல் பரிசு வந்தது. அகர்லாஃப் சந்தை ஏன் கெடுகிறது என்று கேட்டார். அண்ணாச்சி அதையே வைத்து எந்த வண்டியையும் நிராகரித்துவிடுவார். ஓட்டை வண்டி என்றால் ஓட்டை என்பதால் வேண்டாம். நல்ல வண்டி என்றால் நல்ல வண்டி என்பதால் வேண்டாம்.

வண்டி பார்த்து முடிந்தால் சாப்பாடு. அண்ணாச்சி காசு வாங்க மாட்டார். ஆனால் ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மட்டன் பிரியாணியை வேண்டாமென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இலையை வழித்த பிறகுதான் அவர் மனசில் இருக்கிற நிஜமான வண்டி வெளியே வரும். "மாருதி 800 மாதிரி வருமா சார்?" 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதையே எடுத்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டால், உடனே முகம் மாறும். "பதினஞ்சு வருசம் முடிஞ்சதுக்கு எஃப்.சி. காட்டணும், ஆர்.சி.ய புதுப்பிக்கணும். முந்தி அறுநூறு ரூவா, 2022 ஏப்ரல்ல இருந்து அய்யாயிரம். பசுமை வரி வேற. அதுவும் அஞ்சு வருசத்துக்குத்தான்." இருக்கிற வண்டியை இல்லாத வண்டியால் அடிப்பார், இல்லாத வண்டியை அரசாங்கக் கட்டணத்தால் அடிப்பார்.

ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. கோவில்பட்டியில் ஒரு சான்ட்ரோ: பாகம் கிடைக்காது. தென்காசியில் ஒரு ஃபிகோ: கம்பெனியே 2021-இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது, நாம் எதற்கு எடுக்க வேண்டும்? சுரண்டையில் ஒரு ஆல்டோ: கலர் சரியில்லை. ஆசிரியருக்குப் பிரியாணிச் செலவு டயர் செலவை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியைக் கெட்ட எண்ணக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய நிலைமையில் நின்று பார்க்க வேண்டும். எடுக்கச் சொல்லி எடுத்த வண்டி, பத்து வருஷம் கழித்துப் பஞ்சரானாலும் பழி அவர் தலையில் விழும். வேண்டாமென்று சொன்ன வண்டியால் அவருக்கு ஒரு நாளும் கெட்ட பெயர் வராது. வாங்காத வண்டி ரிப்பேர் ஆனதாகச் சரித்திரமே இல்லை.

ஆசிரியர் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும், யாருக்கும் சொல்லாமல் போய் அந்த வேகன் ஆருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள் விஷயம் டீக்கடைக்கு வந்தது. அண்ணாச்சி கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் எக்ஸ்.எல்.லை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் வீட்டுக்குப் போனார்.

"ஆர்.சி.ய எடுங்க."

காகித விஷயத்தில் அவர் புலி. பழைய ஓனரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய படிவம் 29, 30 இரண்டையும் சரிபார்த்தார். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கடன் தீர்ந்தாலும் ஹெச்.பி. கேன்சல் ஆகாமல் கிடந்தது. படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் வராமல் மீதிப் பணம் கொடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. "அப்புறம் மாத்திக்கிடலாம்னு வச்சிராதீய சார். ஆர்.சி.யில யாரு பேரு இருக்கோ அவந்தான் ஓனரு. ஆக்சிடென்ட்னா நஷ்டஈட்டுக்கு அவந்தான் பதில் சொல்லணும்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு. விக்கிறவன் பயந்து நமக்கு முன்னால ஓடி வருவான், நாமதான் அசந்திரக் கூடாது." பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும்வரை அவரே கூட அலைந்தார். அந்த நாட்களில் டீ வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பூஜை. புற்றுமண் எடுத்து வண்டியின் நெற்றியில் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆசிரியர் வண்டியை நகர்த்தினார். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, அண்ணாச்சி மட்டும் குனிந்து பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலும் ஒண்ணுபோல நசுங்கியிருக்கு. அலைன்மென்ட் கரெக்டா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் அந்த வண்டிக்கு அவர்தான் தகப்பன். "வாத்தியார் சாருக்கு நான் பாத்து எடுத்துக் குடுத்த வண்டி. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஸ்பேனர் பட்டிருக்கா?" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னார். இடது கதவின் பட்டியைக் கூட, "அந்தக் காலத்து வேலை, இப்ப இப்படி யாரு பாக்கா?" என்று மெச்சினார். ஆசிரியரும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த ரிப்பேருக்கு யாரைக் கேட்பது?

இரண்டு வருஷம் ஓடியது. 2027-இல் பதினைந்து வருஷம் முடிகிறது, அதற்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்று ஆசிரியர் முடிவு செய்தார். சொன்ன வாரமே பார்ட்டி வந்தது. வந்தவர் பூக்கடைக்காரர், கூடவே, அவர் வாங்கிக் கொடுத்த டீயின் தெம்போடு, அண்ணாச்சி. ஆசிரியரைப் புதிதாகப் பார்ப்பவர்போலக் கும்பிட்டார். பானெட்டில் கை வைத்தார். டயரைத் தடவினார். சீட் பெல்ட்டைக் கடைசிச் சாண் வரை இழுத்தார். காந்தம் இடது கதவில் வழுக்கியது. பூக்கடைக்காரரைத் தனியாகக் கூட்டிப் போய் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர், ஆசிரியரை மிகுந்த பரிதாபத்தோடு பார்த்துக் கேட்டார்:

"இந்த வண்டிய ஒங்களுக்கு யாரு சார் பாத்து எடுத்துக் குடுத்தது?"