ஏறாம நில்லு, பேராண்டி!

ஏலே பேராண்டி, லண்டன் போறியாம்ல? போ, போ. தேம்ஸ் ஆத்தங்கரையில லண்டன் டவர்னு ஒரு கோட்டை நிக்கி. வில்லியம் ராசா பிரான்சுப் பக்கமிருந்து வந்து நாட்டைப் பிடிச்சதும், ஊர்சனத்தைப் பயமுறுத்தக் கட்ட ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல அதுக்குள்ள போனவன் எப்ப வெளிய விடுவான்னு கிடந்தான். இப்ப உன்ன மாதிரி ஆளுவ காசு கட்டி வரிசையில நிக்கிய. 1536ல ஆன் போலின் ராணி தலையை எடுத்ததும் அங்கனதான். நீ தைரியமா செல்ஃபி எடு, உன் தலையை எவனும் கேக்க மாட்டான்.

உள்ள அண்டங்காக்கா வளக்கான்வ. ஆறு காக்காவாவது இல்லன்னா ராச்சியமே கவுந்துருமாம். அதுக்காவ றெக்கையை லேசா நறுக்கி, கறி போட்டு, மேய்க்க ஒரு ஆளையும் வச்சிருக்கான்வ. அமாவாசைக்கு நம்ம ஆச்சி ஒரு பிடி சோறு வச்சா மட்டும் அது மூடநம்பிக்கை!

கோகினூர் வைரமும் அங்கதான் இருக்கு. 1849ல பஞ்சாபைப் பிடிச்ச கையோட, பத்து வயசு ராசாப் பயகிட்ட எழுதி வாங்கிட்டுப் போனது. பத்து வயசுப் பய மனசாரக் குடுத்தான்னு நீயும் நம்பிக்க.

பக்கத்துல டவர் பாலம். 1886ல ஆரம்பிச்சு 1894ல திறந்தது. பழங்காலத்துக் கோபுரம்னு வாயைப் பிளக்காதே; உள்ள பூரா உருக்கு, பழைய கோட்டைக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு மேல கல்லுச் சட்டை. கப்பல் வந்தா நடுப்பாலம் ரெண்டாப் பிளந்து தூக்கும். ஒருநாள் முன்னால சொல்லி வச்சாப் போதும், கப்பக்காரனுக்குக் காசு கிடையாது. ரோட்டுக்காரன் எவனா இருந்தாலும் நிக்கணும். 1997ல அமெரிக்க அதிபர் கிளிண்டனோட கார் வரிசையையே ரெண்டாப் பிரிச்சுப் போட்டுச்சு அந்தப் பாலம்!

இப்ப நான் சொல்லுத புத்தியைக் கேளு. பாலம் தூக்கயில சனம் கடந்து போவட்டும்னு உச்சியில நடைபாதை கட்டுனான்வ. அம்புட்டுப் படி எவன் ஏறுவான்? பாலம் தூக்குத வேடிக்கையைக் கீழ நின்னு பாத்துட்டு, இறங்குனதும் நடந்து போயிட்டான்வ. 1910ல நடைபாதையை மூடியாச்சு. பெறவு 1982ல அதையே திறந்து டிக்கெட் போட்டான். 2014ல தரையில கண்ணாடியும் பதிச்சான். சும்மா விட்டப்ப ஏறாத இடத்துக்கு இப்ப கூட்டம் அள்ளுது.

நீ பாலம் தூக்குத நேரத்தை விசாரிச்சுட்டு கரையில நில்லு. மேல ஏறலையான்னு எவனாவது கேலி பண்ணுனா, லண்டன்காரனே ஏறல, நான் எதுக்கு ஏறணும்னு கேளு. மிச்சம் பிடிச்ச டிக்கெட் காசைத் தாத்தாகிட்ட குடுத்துரு. நான் பத்திரமாச் செலவழிக்கேன்.