உட்காராத ரசிகர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை சாலை நடந்து வருகிறவர்களுக்குச் சொந்தம். சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். அன்றைக்குக் காவல்துறை பேண்டு வாசிக்கலாம், காந்தி திடலில் கரகாட்டமோ பறையாட்டமோ நடக்கலாம். எதுவானாலும் மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும், அவற்றில் பாதி காலியாகவே இருக்கும். கடைசி வரிசைக்கும் பின்னால், விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இடது உள்ளங்கையில் கடலைப் பொட்டலம். வலது கை ஒவ்வொரு கடலையாக எடுத்துத் தோலை ஊதிவிட்டு வாயில் போடும். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் காலைக் காப்பிக்கான பால் பாக்கெட். முகமும் மார்பும் மேடையைப் பார்த்திருக்க, வலது பாதம் மட்டும் வீட்டுத் திசையில் திரும்பியிருக்கும். விழாக் குழுத் தொண்டர் ஒருவர் வந்து, “சார், முன்னாடி சேர் காலியா இருக்கு, வாங்க” என்பார். “பரவால்ல தம்பி, இதோ கெளம்பிடுவேன்” என்பார் இவர். கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதுவரை அந்த வலது பாதம் திசை மாறாது.

இவரை யாருக்கும் பிடிக்காது. காலி நாற்காலி புகைப்படத்தில் விழுகிறதே என்று விழா நடத்துகிறவர்களுக்கு வருத்தம். கைதட்டச் சொன்னால் கடலையைக் காட்டுகிறாரே என்று பாடகருக்கு எரிச்சல். சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பழகியவர்களோ இவரை ரசிகர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேடிக்கை பார்க்கிறவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். என் கட்சி வேறு. திறந்தவெளிக் கலை என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது இந்த உட்காராத மனிதரை நம்பித்தான் இருக்கிறது. முன்வரிசை விருந்தினர்கள் வராமல் போனாலும் நிகழ்ச்சி நடந்துவிடும். இவர் வராவிட்டால் அது வாடகை மேடையில் நடக்கிற ஒத்திகை.

முதலில், அவர் ஏன் உட்காருவதில்லை என்று பார்க்கலாம். சோம்பல், அலட்சியம் என்றெல்லாம் சொல்வது அநியாயம். சோம்பேறியாக இருந்தால் காலியாக இருக்கும் நாற்காலியில் அல்லவா விழுந்திருப்பார்? நாற்காலி என்பது எழுதப்படாத ஒப்பந்தம் என்பது அவருக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டால் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போவது கலைஞருக்கு அவமரியாதை. ஆகவே ஆட்டத்தோடு சேர்த்து மற்றதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்: இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடப் போகிற சிறப்பு விருந்தினர், அவர் வந்ததும் பாதியில் நிறுத்தப்படும் தவில், பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், கலையின் பெருமையைப் பற்றி அந்தக் கலைஞர்களையே ஓரமாக நிற்க வைத்துவிட்டு ஆற்றப்படும் இருபது நிமிட உரை, கடைசியில் ஒலிபெருக்கிக்காரர் வரை யாரையும் விட்டுவிடாத நன்றியுரை. நிற்கிறவருக்கு இதில் எந்தக் கடமையும் கிடையாது. மைக் பேச்சாளர் கைக்குப் போன மறுகணம் இவர் மாங்காய்ப் பத்தைக்காரரிடம் போய்விடுவார். தவில் மீண்டும் அதிர்ந்ததும் அதே கம்பத்துக்குத் திரும்பிவிடுவார். எது கலை, எது சடங்கு என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் விமரிசகர் பத்திரிகைகளில்கூட அதிகம் இல்லை.

இயற்கையும் அவரை நிற்க வைத்திருக்கிறது. சென்னை மெரினாவில் மணல் கிடக்கிறது, துண்டை விரித்து உட்கார்ந்துவிடலாம். புதுச்சேரியிலும் ஒரு காலத்தில் மணல் இருந்தது. 1980-களின் இறுதியில் நகரின் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். தடுப்புச் சுவர் அதைத் தெற்கிலேயே பிடித்து வைத்துக்கொண்டது; வடக்கே நகரக் கரை அரித்துப் போனது. மணல் போன இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது என்றாலும், ஒரு தலைமுறை இதற்குள் நின்றே பழகிவிட்டது. குட்டைச் சுவர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது குடும்பத்தோடு வரும் பெண்கள் கையில் இருக்கிறது. கடலுக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளை மடியில் அமர்த்தி, மேடையையும் மேடைக்கு முன் உட்கார்ந்திருக்கிறவர்களின் புடவைகளையும் ஒரே பார்வையில் மதிப்பிடும் வேறொரு ரசிகர் கூட்டம் அது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். நம்மவருக்கு மிஞ்சியது தரை. அந்தச் சாலையில் சிலையாகிவிட்ட காந்தியும் தூப்ளேவும்கூட நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர் காற்று வாங்கத்தானே வந்தார், கலைக்காகவா வந்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. காற்றுக்காகத்தான் வந்தார், சந்தேகமில்லை. கத்திரி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் சூட்டை இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது. தரை சூடேறி அதன் மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மேல்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் அதுவும் தாமதம். எனவே மனிதர் வீட்டை விட்டு ஓடி வருகிறார். பிரான்சில் நிலைமை நேர் எதிர். அங்கே 1982-ல் ஜாக் லாங் கலாசார அமைச்சராக இருந்தபோது ஜூன் 21-ஐ இசைத் திருநாளாக்கி, யார் வேண்டுமானாலும் தெருவில் இலவசமாக வாசிக்கலாம் என்றார்கள். பாரிஸில் அன்று இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வெயில் அவர்களுக்கு வராத விருந்தாளி, தெருவில் இறங்கி வரவேற்கிறார்கள். அதே திருநாளை அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறது. இங்கே ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வெயில் போய்த் தொலைந்ததே என்று நாம் தெருவில் இறங்குகிறோம். காரணங்கள் வேறுவேறு என்றாலும் இரண்டு ஊரிலும் தெருவில் கூட்டம் நிற்கிறது. கோயிலுக்குப் புளியோதரைக்காகப் போகிறவரைச் சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. கிடாருக்கு மட்டும் ஏன் அந்தப் பெருந்தன்மை இருக்கக் கூடாது?

இன்னொன்றும் உண்டு. காற்றுக்காக வந்தவரை நிறுத்தி வைப்பதுதான் கலைஞருக்கு உண்மையான சோதனை. டிக்கெட் எடுத்தவர், பாட்டு எடுபடாவிட்டாலும் கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருப்பார்; அவர் பொறுமையை வைத்து வித்வான் தன்னை எடைபோட முடியாது. கம்பத்தடிக்காரரைக் கட்டி வைத்திருக்கும் கயிறு எதுவும் இல்லை. அவர் இருக்கிறார் என்றால், வாசிப்பது கேட்கும்படி இருக்கிறது. நம் பழைய கலைகள் இந்தச் சோதனையில்தான் வளர்ந்தன. புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து. முன்னால் பாய் விரித்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், துகிலுரிதலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டு. கூத்துக்காரர்கள் கண் அவர்கள் மேல் இருக்காது. ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஆட்கள் மேல் இருக்கும். ஓரம் கலைந்து டீக்கடைப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்தால் கட்டியக்காரன் உடனே ராஜாவை விட்டுவிட்டு உள்ளூர் விவகாரத்துக்கு வந்துவிடுவான். சிரிப்புச் சத்தம் கேட்டதும் போனவர்கள் திரும்புவார்கள். கட்டியக்காரனின் நாக்கைத் தீட்டியது இந்த ஓரம்தான். சாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் கேட்டவர்களும் அப்படித்தான். வீதிமுனையில் சாமி நிற்கும் வரை நின்றார்கள், சாமி நகர்ந்தால் கூடவே நகர்ந்தார்கள்.

அப்படியானால் எல்லாக் கலையையும் இவரிடம் ஒப்படைத்துவிடலாமா என்றால், முடியாது. நுணுக்கமான கலைக்கு அமைதியும் முழுக் கவனமும் வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்வது சரி. வீணையின் கமகம் அலைச் சத்தத்தையும் சோளம் சுடுகிறவரின் விசிறியையும் தாண்டி விளக்குக் கம்பம் வரை வராது. ஒலிபெருக்கியில் தூக்கிப் போட்டால் அது வீணையாக இருக்காது. பிழை வீணையை அங்கே கொண்டுவந்தவருடையது. பறையும் நையாண்டி மேளமும் பித்தளை வாத்தியங்களும் வானத்தை நம்பிப் பிறந்தவை. அவற்றைக் குளிரூட்டிய அரங்கத்துக்குள் அடைத்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடற்கரையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன என்று புகார் சொல்லும் குழுக்கள், முதலில் அங்கே எதை மேடையேற்றினோம் என்று பார்க்கலாம். ஓரமும் காலியாக இருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

நின்று கேட்பது மரியாதைக் குறைவு என்பவர்கள் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று வந்து பார்க்கட்டும். பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற நம்மூர்க்காரர்கள், அணிவகுப்பார்கள். இரு நாட்டுத் தேசிய கீதங்களும் ஒலிக்கும்போது நாற்காலிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நம்மவர் கட்சிக்கு வந்துவிடுவார்கள். சில வாரம் கழித்து ஆடியில், தெற்கே வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கிய வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். தேரை உட்கார்ந்தபடி இழுத்தவர் இல்லை.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு, இதற்கு என்னிடம் பதில் இல்லை. காசு. அரசு விழா என்றால் கலைஞருக்கு ஏதோ ஒரு தொகை வந்துவிடும். விழா எதுவும் இல்லாத மாலையில், தானாக வந்து வாசிக்கும் பையன்களுக்கும் கழைக்கூத்தாடும் குடும்பத்துக்கும் கூட்டம் தருவதுதான் வரும்படி. ஆட்டம் உச்சத்துக்குப் போகும், அம்மா துண்டை ஏந்திக்கொண்டு வட்டத்தைச் சுற்றத் தொடங்குவார். ஒன்றேகால் மணி நேரம் அசையாத நம்மவருக்கு அந்த நொடியில் பால் பாக்கெட் நினைவு வந்துவிடும். வந்ததிலிருந்து திரும்பிக் காத்திருந்த வலது பாதத்துக்கு இப்போதுதான் வேலை. கிராமத்துக் கூத்தில், மேடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்திப் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள்; அந்தப் பெயருக்காகவாவது கொடுத்தார்கள். கடற்கரையில் பெயர் சொல்ல ஆளில்லை, இருட்டு வேறு. இவ்வளவு நேரம் வக்காலத்து வாங்கிய நானும் இந்த இடத்தில் விலகிக்கொள்கிறேன். தாராளமாக நின்று கேளுங்கள், நாற்காலிப் பக்கமே போக வேண்டாம், விருந்தினர் உரைக்கு மாங்காய்ப் பத்தை தின்னப் போங்கள். துண்டு உங்கள் பக்கம் வரும்போது மட்டும் இரண்டு நிமிஷம் நின்று, ஒரு பத்து ரூபாயாவது போட்டுவிட்டுப் போங்கள் சார்.